போர்வைக்குள் அகமெம்னான்

இரண்டு ஊசிகளும் ஏறி, ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வரத் தொடங்கியதும், சிற்சபேசன் எப்போதும் செய்வதுபோல ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். குளிர்தான் காரணம். உடம்பின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உலா போய்விட்டு வந்தால் குளிராமல் என்ன செய்யும். டயாலிசிஸ் கூடத்தில் படுத்திருக்கும் எல்லோருமே போர்த்திக்கொள்கிறவர்கள்தான். முகத்தையும் சேர்த்து மூடுகிறவர் அவர் ஒருவர் மட்டுமே என்று ஜெசிந்தா சிஸ்டர் குறைபட்டுக்கொள்வாள். "சார், மூஞ்சிய மூடாதீங்க சார். ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் பயந்துக்குறார்." பயப்படட்டும். நோயாளிக்கும் பிணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சாண் துணி தீர்மானிக்கிறது என்றால் அது டாக்டரின் பிரச்சினை. அவருக்குப் போர்வைக்குள் ஒரு வேலை இருந்தது. இன்றைக்கு இது முடிந்து ஊசியைப் பிடுங்குகிற நேரத்துக்குப் பொற்கொடி வந்துவிடுவாள். அவருடைய ஒரே மகள், கால்நடை மருத்துவர். அவளுடைய இடது சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று எல்லாப் பரிசோதனைகளும் சொல்லிவிட்டன. நாளைக் காலையில் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டியின் முன்னால் அப்பாவையும் மகளையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்கள். அதற்குள் அவர் வேண்டும், வேண்டாம் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்பதுதான் முடிவு. முடிவெடுத்து வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டில் தினமும் அதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். ஆனால் கடைசி முறையாக, இனி யாரும் மறுத்துப் பேச முடியாதபடி, ஒரு நல்ல உரைநடையில் சொல்ல வேண்டும். வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒவ்வொரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போதும் நடுவில் அகமெம்னான் வந்து குறுக்கே நின்றான்.

வரட்டும், அவன் வராமல் வேறு யார் வருவார்கள். முப்பது வருஷம் ஓவியக் கல்லூரியில் கலை வரலாறு நடத்திய மனிதருக்கு உடம்பு முடியாமல் போனால் துணைக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். கிரேக்கர்களின் பெரிய ராஜா. டிராய் நகரத்தின் மேல் படையெடுக்கக் கப்பல்களைத் திரட்டித் துறைமுகத்தில் நிறுத்தியிருக்கிறான், காற்று இல்லை. பாய்மரம் தொங்குகிறது, படைவீரர்கள் இருக்கிற சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு முணுமுணுக்கிறார்கள். ஆர்ட்டெமிஸ் தேவியின் மானை வேட்டையாடிய குற்றத்துக்காக அவள் காற்றைக் கட்டிவைத்திருக்கிறாள், மகளைப் பலி கொடுத்தால்தான் அவிழ்ப்பாள் என்று ஜோசியன் சொல்கிறான். அக்கிலீஸ் என்ற வீரனுக்கு உன்னைக் கட்டி வைக்கிறேன் என்று பொய் சொல்லி ராஜா மகளை வரவழைக்கிறான். இஃபிஜினியா. கல்யாணக் களையோடு வருகிறாள், பலிபீடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்தக் காட்சியைப் பழைய கிரேக்க ஓவியன் ஒருவன் வரைந்தான். சுற்றி நிற்கிறவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் முந்தியவனைவிடக் கூடுதலான துக்கத்தைத் தீட்டிக்கொண்டே வந்தவன், கடைசியில் அப்பனிடம் வந்ததும் மேலாடையை இழுத்து அவன் முகத்தை மூடிவிட்டான். அந்த ஓவியம் அழிந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த பாராட்டுகள் மட்டும் அழியவில்லை. பாராட்டுக்கு எப்போதுமே ஆயுசு கெட்டி. வரைய முடியாத துக்கத்தை வரையாமல் விட்டதே மேதைமை என்றார்கள் ரோமானியப் பண்டிதர்கள். பல நூற்றாண்டு கழித்து ஒரு ஜெர்மானியப் பண்டிதர், அதெல்லாம் இல்லை, அழுகிற முகம் கோணும், கோணினால் அழகு கெடும், அதனால் மூடினான் என்றார். சிற்சபேசன் இரண்டையும் சொல்லி, முதலாவதன் பக்கம் சாய்ந்து, கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "துயரத்தின் உச்சியில் முகம் கிடையாது" என்று முடிப்பார். அந்த இடத்தில் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். வருஷா வருஷம் பரீட்சையில் அதே கேள்வி. அகமெம்னானின் முகம் ஏன் மூடப்பட்டது, விளக்குக. ஒருவன், ஓவியருக்குத் தாடி வரைய வராது, எனவே மூடினார் என்று எழுதியிருந்தான். அரை மார்க் போட்டார். இப்போது யோசித்தால் அவனுக்கு ஒன்றரையாவது போட்டிருக்கலாம்.

போர்வையின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள். பக்கத்துக் கட்டில் முகைதீன் பாய். லாரி வைத்திருந்தவர், இரண்டு காலிலும் வீக்கம், வாய் மட்டும் வற்றாதவர். "வாத்தியாரே, தூங்குறீரா, போயிட்டீரா? போறதா இருந்தா இந்த மாம்பழத்தத் தின்னுட்டுப் போம்." முதல் மணி நேரம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கூடத்தின் வழக்கம் அது. வீட்டில் தொடக்கூடாதென்று பூட்டி வைக்கிற சாமான்களெல்லாம் இங்கே முதல் மணி நேரத்தில் வெளியே வரும். மாம்பழம், ஊறுகாய், தக்காளி சாதம், ஒருமுறை ஒரு அம்மாள் இளநீரையே பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்தாள். என்ன சாப்பிட்டாலும் மிச்ச நேரத்தில் இயந்திரம் கழுவிவிடும் என்பது நம்பிக்கை. பாவத்தைச் செய்துவிட்டுக் கங்கைக்குப் போவதற்குப் பதிலாகக் கங்கையில் இறங்கி நின்றுகொண்டே செய்வது. ஜெசிந்தா பார்த்தும் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி ரீடிங் எழுதுவாள். "உமக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே கூரையில இருக்கு பாய்." "இருக்கட்டும்யா, எறங்க ஏணி வெச்சிருக்காங்கல்ல. ஏன், பொண்ணு குடுக்குதாமே?" "யார் சொன்னது?" "சிஸ்டர்தான்." "நான் எங்க சொன்னேன், இவர்தான் சார் தோண்டித் தோண்டிக் கேட்டார்" என்றாள் ஜெசிந்தா திரும்பாமலே. பாய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "எனக்கு மூணு பயலுக. டெஸ்ட் எடுக்கணும்னு சொன்ன அன்னிக்கு மூணு பேருக்கும் சேர்ந்து முதுகு வலி வந்துருச்சு. நீர் கொடுத்து வெச்சவரு." "நான் வேண்டாம்னு சொல்லப்போறேன் பாய்." பாய் மென்றதை நிறுத்தி அவரைப் பார்த்தார். ஏதாவது உபதேசம் வரும் என்று சிற்சபேசன் காத்திருந்தார். "அப்ப ரெண்டு துண்டா எடுத்துக்கும்" என்றார் பாய்.

இரண்டு துண்டு தின்றார். தித்திப்பைவிட அதன் ஈரம்தான் நாக்கில் நின்றது. மறுபடி போர்வை. ஈரம் என்று நினைத்ததும் தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது, அது வந்துவிட்டால் வேறு எதுவும் நிற்காது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் தண்ணீர், மாத்திரைக்கே பாதி போய்விடும், சாயங்காலத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மனைவி கமலவேணி அவர் கண்ணில் படாமல் அடுப்படியில் திரும்பி நின்று தண்ணீர் குடிப்பாள், தொண்டை ஏறி இறங்குவது முதுகிலேயே தெரியும். அவளுக்குச் சர்க்கரை, அதனால் அவளுடைய சிறுநீரகம் ஆகாது என்று முதல் நாளே தள்ளிவிட்டார்கள். அவள் அன்றைக்கு அழுதது தன்னால் முடியவில்லையே என்றா, அடுத்து யார் என்று தெரிந்துவிட்டதாலா. அதைக் கேட்கக்கூடாது. சரி, தண்ணீர் வேண்டாம், படங்களைப் பார்ப்போம், ஸ்லைடைத் தள்ளு. பாம்பேயி நகரத்துச் சுவரோவியம். இடது ஓரத்தில் அகமெம்னான், தலையோடு முக்காடு, கையை முகத்தில் வைத்துத் திரும்பி நிற்கிறான். அடுத்து வடக்கு இத்தாலியில் ஒரு பெரிய வீட்டின் கூடம், அதே ராஜா, அதே மூடல், மேலாடை மட்டும் பட்டு. மூடுவது அதற்குள் ஒரு மரபாகிவிட்டது. எவனாவது முகத்தைத் திறந்து வரைந்தால்தான் விசேஷம் என்கிற நிலை. ஒரு பிரெஞ்சுக்காரர் திறந்து வரைந்தார். கல்யாண உடையில் பெண் நிற்கிறாள், மாப்பிள்ளை என்று சொல்லப்பட்டவன் வாளை உருவுகிறான், அப்பன் கண்டிப்பான தலைமையாசிரியர் மாதிரி முறைக்கிறான். இன்னொரு பிரெஞ்சுக்காரர் பத்து வருஷப் போர் முடிந்து வீடு திரும்பி அவன் தூங்குவதை வரைந்தார், சிவப்புத் திரைக்கு அந்தப் பக்கம் நிம்மதியான தூக்கம், இந்தப் பக்கம் கத்தியோடு பெண்டாட்டி. அதற்கெல்லாம் முந்திய ஒரு கிரேக்கப் பானையில் அவனைக் கொன்றே விடுகிறார்கள். உடம்பெல்லாம் சுற்றிய ஒரு மெல்லிய துணிக்குள் கை வெளியே வராமல் மாட்டிக்கொண்டு சாய்கிறான். இந்த மனிதனுக்குத் துணியோடு என்ன தீராத உறவு. அப்புறம் அவன் ஊரான மைசீனியில் தோண்டி எடுத்த தங்க முகமூடி, தடித்த மீசை, மூடிய கண், அகமெம்னானைக் கண்டுவிட்டோம் என்று கொண்டாடினார்கள், கணக்குப் பார்த்தால் அது அவன் காலத்துக்குச் சில நூறு வருஷம் முந்தியவன் எவனுடையதோ. ஆக, முகம் கிடைத்த இடத்தில் ஆள் அவன் இல்லை. ஆள் அவனாக இருக்கிற இடத்தில் முகம் இல்லை. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறார். சிரிப்பார்கள்.

ஜன்னலோரக் கட்டில் காலியாக இருப்பதைப் போர்வை நூலின் இடைவெளி வழியாகவே பார்த்தார். போன வாரம்வரை அங்கே ஒரு தபால் இலாகாக்காரர். நன்றாகப் பாடுவார். இன்றைக்கு உள்ளே வந்ததும் எல்லோரும் அந்தக் கட்டிலைப் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் தெரியாமல் கேட்டுவிட்டார். "ஷிப்ட் மாறிட்டாரு" என்றாள் ஜெசிந்தா. இங்கே எல்லோரும் அப்படித்தான் மாறுகிறார்கள். எந்த ஷிப்டுக்கு என்று கேட்பது மரியாதையில்லை. வேண்டாம் என்று சொன்னால் அவரும் ஒருநாள் மாறுவார், இதயம் வீங்கிக்கொண்டு வருவதாக டாக்டர் படம் போட்டுக் காட்டிவிட்டார், பாய் மாம்பழத் துண்டோடு இவருடைய காலிக் கட்டிலைப் பார்ப்பார். மான் வரும்வரை காத்திருக்கலாமே என்று கொழுந்தியாள் சொன்னாள். மான் என்று சொல்லவில்லை, பாவம், இறந்தவர்களின் உறுப்புக்கான லிஸ்டில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமே என்றுதான் சொன்னாள். அவருக்கு மான் என்று கேட்டது. கதையில் கடைசி நிமிஷத்தில் தேவி மனமிரங்கிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் பீடத்தில் ஒரு மானை வைத்துவிடுவாள் என்று ஒரு பாடம் உண்டு. ஓவியர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வானத்து மூலையில் ஒரு மானை வரைந்துவிட்டால் வாங்குகிறவன் வீட்டுக் கூடத்தில் நிம்மதியாக மாட்டிக்கொள்வான். இத்தாலிய வீட்டிலோ மான் எதிர்ச் சுவரில் மேகத்தின் மேல் ஏறிக்கொண்டு வருகிறது, எல்லோரும் அதையே பார்க்கிறார்கள், முகத்தை மூடிக்கொண்டவன் மட்டும் பார்க்கவில்லை. லிஸ்டில் இருக்கிற மான் என்பது யார். ஹெல்மெட் போடாமல் பைபாஸில் போகிற ஒரு பையன். அவன் வீட்டிலும் ஒரு அப்பன் இருப்பான். மூளைச்சாவு என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போட வேண்டியவன். லிஸ்டில் பேர் கொடுத்த நாளிலிருந்து, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சிற்சபேசனுக்குக் காது நீளுகிறது. அந்தக் காதை அறுத்துப் போடலாம். கொழுந்தியாள் அதோடு நிற்கவில்லை. "கல்யாணமாகாத பொண்ணு அத்தான். வயித்துல தழும்போட யார் கட்டிப்பா?" அங்கே கல்யாணம் என்று சொல்லி வெட்டக் கூட்டிவந்தார்கள். இங்கே வெட்டினால் கல்யாணம் ஆகாது என்கிறார்கள். உலகம் முன்னேறியிருக்கிறது.

காலில் ஒரு நரம்பு சுண்டியது. பிறகு கெண்டைக்கால் முழுதும் கல்லாக இறுகியது. கூடத்தின் வெளிச்சம் ஓரங்களிலிருந்து பழுப்பாகி உள்ளே வந்தது, இயந்திரம் கத்தியது, யாருடைய இயந்திரம் என்று அவர் மற்றவர்களுக்காகப் பரிதாபப்பட்டார், பிறகு ஜெசிந்தாவின் முகம் மிகப் பெரிதாகத் தெரிந்தது. "பிரஷர் எறங்குது சார், ஒன்னுமில்ல, கால தூக்குறேன், கண்ண மூடாதீங்க, என்கிட்ட பேசுங்க." பேசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர்தான் அகப்பட்டது. ஒரு பித்தளைச் செம்பு நிறைய, வெளியில் வியர்த்து, அண்ணாந்து, நிறுத்தாமல், மூச்சு முட்டுகிறவரை. "சார், மக பேரு என்ன?" தெரிந்துகொண்டே கேட்கிறாள், நினைவு இருக்கிறதா என்று பார்க்கிறாள். "கொடி" என்றார், செம்பு கையில் இருக்கும்போதே. சலைன் ஏறியது, பழுப்பு மெல்ல ஓரங்களுக்குப் பின்வாங்கியது. "பயமுறுத்துறீரே வாத்தியாரே" என்று பாயின் குரல் எங்கோ கேட்டது, அதில் இப்போது கிண்டல் இல்லை.

இனி மறைத்துப் பயனில்லை, போர்வைக்குள்ளாவது. பொருந்துகிறது என்று ரிசல்ட் வந்த அன்று போனை வைத்துவிட்டுக் கமலவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். துயரத்தின் உச்சியில் முகம் கிடையாது என்று முப்பது வருஷம் சொன்னவருக்கு அந்த முகம் கிடைத்தது. வாயின் ஓரங்கள் காது வரை போயிருந்தன, கண் ஈரமாக, பேராசையாக, பந்தி விரித்ததைப் பார்த்த பட்டினிக்காரன் மாதிரி. அடக்கிப் பார்த்தார், அது அடங்கவில்லை, வெகுநேரம் குழாயை ஓடவிட்டு நின்றார். பிறகு முகத்தைக் கழுவி, கல்லூரியில் இரங்கல் கூட்டங்களுக்கு வைத்துக்கொள்ளும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "பெத்த பொண்ணோட உறுப்ப வாங்கிட்டு நான் வாழணுமா, வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து தாயும் மகளும் மாறி மாறிக் கெஞ்சுகிறார்கள். அவர் மறுக்க மறுக்க மகள் இன்னும் உறுதியாகிறாள், மாட்டுக்கும் ரெண்டு கிட்னிதான், அது ஒன்னும் பெருமை பேசிக்கிறதில்லப்பா என்று சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். அவள் விட்டுவிடுவாளோ என்று அவருக்குத் தினமும் பயம். அந்தப் பயத்தோடு மறுபடி வேண்டாம் என்கிறார். ரோமானியப் பண்டிதர்களும் ஜெர்மானியப் பண்டிதரும் அவரும் சேர்ந்து ஏமாந்திருக்கிறார்கள். அந்தத் துணிக்கு அடியில் அகமெம்னான் அழுதுகொண்டிருந்தான் என்று யார் பார்த்தது. கன்னத்தில் முதல் காற்று பட்டிருக்கலாம். பாய்மரம் ஒன்று படபடத்த சத்தம் அவன் காதில் விழுந்திருக்கலாம். இதில் இன்னொன்றும் இருந்தது, அது அவரை இன்னும் களைப்படையச் செய்தது. அந்தப் பாம்பேயிச் சுவரை எத்தனை முறை திரையில் போட்டிருப்பார், குச்சியை எடுத்து நேரே இடது ஓரத்துக்குப் போவார். நடுவில் இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு போகிற பெண் கையை விரித்து மேலே பார்க்கிறாள். அவள் முகம் திறந்துதான் இருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"என்னப்பா, ஆயில் சேஞ்ச் முடிஞ்சுதா?" பொற்கொடி ஹெல்மெட்டைக் கட்டிலின் காலடியில் வைத்தாள். டெட்டாலும் மாட்டுக்கொட்டகையும் கலந்த வாசனை. ஜெசிந்தா ஊசிகளை உருவிவிட்டுப் பஞ்சை வைத்தாள், பொற்கொடி கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு அதைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். விரலுக்குக் கீழே, ஊசி ஏற்றுவதற்கென்று ஆபரேஷன் செய்து தடிக்கவைத்த அவருடைய ரத்தக்குழாய் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலைல கமிட்டிக்கு வரணும். சித்தி போன் பண்ணினா, ஒரு வரன் இருக்காம், ஆபரேஷனத் தள்ளிப் போடணுமாம்." "நீ என்ன சொன்னே?" "சீர்வரிசைல ஒன்னே ஒன்னு குறையும், மத்தபடி பொண்ணு ரெடின்னு சொன்னேன். போன வெச்சுட்டா." ஜெசிந்தா சிரித்துக்கொண்டே பாயின் பக்கம் போனாள். "கொடி, நான் ஒன்னு சொல்லணும்." "வேண்டாம்னுதானே, சொல்லுங்க. கேட்டுட்டு வழக்கம்போலத் திட்டறேன்." தயாராக வைத்திருந்த உரைநடையின் முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல வாக்கியம். "எனக்கு வேணும்" என்றார். கட்டைவிரல் அசையவில்லை. "ரொம்ப வேணும். ரிசல்ட் வந்தன்னிக்குப் பாத்ரூம்ல போய்ச் சிரிச்சேன். நீ தரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் இத்தன நாளும் வேண்டாம் வேண்டாம்னு நடிச்சேன். தண்ணி குடிக்கணும் கொடி. இன்னும் இருக்கணும். வேற ஒன்னுமில்ல."

அவள் காலால் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். வெகுதூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவளைப் போல ஒரு மூச்சு விட்டாள். அப்பாவைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள். "நீங்க வேண்டாம் வேண்டாம்னு நின்னீங்களா, உங்களச் சமாதானப்படுத்தறதுலயே நேரம் போயிடுச்சு. நான் பயப்பட எடமே இல்ல." 'அப்படியானால் வேண்டாம்' என்கிற வார்த்தை, இத்தனை நாள் பழகிய நாய்மாதிரி, கூப்பிடாமலே தொண்டைவரை ஓடி வந்தது. அவர் அதை விழுங்கினார். "எதுக்குப் பயம்?" என்று கேட்டார். "வெட்டறதுக்கு இல்ல. வலிக்கும், ஆறிடும். மயக்க மருந்து ஏறுற நேரம் இருக்கே, அதுக்கு. நாய், கன்னுக்குட்டி, போன மாசம் ஒரு கழுதை, எல்லாத்துக்கும் நான்தான் ஏத்தறேன். மருந்து ஏறினதும் ஒரு நொடில கண்ணு ஒரு மாதிரி நின்னுடும்பா. நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்கும், ஆனா பாக்காது. நான் எப்பவும் இந்தப் பக்கத்துலேயே நின்னிருக்கேன்." "எப்படி நிக்கும்?" "விடுங்கப்பா." "காட்டு." அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பாய் கண்ணை மூடியிருந்தார். பஞ்சிலிருந்து விரலை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பி, தாடையைத் தளரவிட்டு, கண்ணை அவர் கண்ணிலேயே வைத்து அப்படியே நிறுத்தினாள். ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க ஜெசிந்தா வந்து கட்டிலருகில் நின்றாள், ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தாள். அவர் திரும்பவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.